முப்பத்தொரு லேசான சேதங்கள்

மாலைப் பத்திரிகையின் துணையாசிரியருக்கு ஊர் வைத்த பெயர் 'லேசு'. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும் தனியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

பெயர் சும்மா வரவில்லை. போர் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் முதல் விமானம் வந்து முதல் குண்டைப் போட்டது. விழுந்த இடம் உப்புக் கிடங்கின் பின்சுவர். ஆள் சேதம் இல்லை, ஆடு மாடு சேதம்கூட இல்லை. சுவர் சரிந்தது, உப்பு சிதறியது, அவ்வளவுதான். ஆசிரியர் உற்சாகமாக 'பயங்கரச் சேதம்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தார். லேசுவுக்கு உடனே அக்காவின் நினைவு வந்தது. அக்கா அப்போது இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாசம். அத்தானோ போர்முனையில். இந்தத் தலைப்பைப் படித்தால் பிள்ளை வரவேற்பறையிலேயே பிறந்துவிடும். ஆகவே 'பயங்கர'த்தை அடித்துவிட்டு 'லேசான' என்று எழுதினான். உண்மையும் அதுதான். அன்று மாலை அக்கா பத்திரிகையைப் படித்து, "அட, இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துத் தூங்கினாள். லேசு அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனான். ஒரு சொல்லை வைத்து ஒருத்தியைத் தூங்கவைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மறுநாள் தணிக்கை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஊரிலுள்ள பத்திரிகைகள் எல்லாம் அச்சுக்குப் போகுமுன் அந்த அலுவலகத்தின் சிவப்புப் பென்சிலைத் தாண்டியாக வேண்டும்.

"அந்த வார்த்தையைப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"நல்லா இருக்குய்யா. பதற்றம் இல்லை, பொய்யும் இல்லை. இனிமே எல்லாரும் இதையே போடட்டும்."

லேசு மறுபடி மிதந்தான். மூன்றாம் நாள் சுற்றறிக்கையே வந்துவிட்டது: சேதம் பற்றிய செய்தியில் 'லேசான' என்ற சொல் இருந்தால், மேலிடத்துக்கு அனுப்பாமல் அதிகாரியே முத்திரை குத்தலாம். இல்லையென்றால் மேலிடம் போய்த் திரும்ப ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் கழித்து வரும் செய்தியை வைத்து மாலைப் பத்திரிகை என்ன செய்யும்? பொட்டலம்தான் கட்டும்.

அதன்பின் ஆற்றுப் பாலம் இரண்டாக ஒடிந்தது; லேசான சேதம். நூற்பாலையில் புகைபோக்கி மட்டும் மிஞ்சியது, லேசான சேதம். ரயில் நிலையத்தில் கடிகாரம் மட்டும் மிஞ்சியது, அதிலும் ஒரு முள்தான், லேசான சேதம். ஊர் சீக்கிரமே பாடம் கற்றுக்கொண்டது. தலைப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பதுங்கறைக்குக் கிளம்பினார்கள். சந்தையில் ஒருத்தி, "தக்காளி லேசா அடிபட்டிருக்கு" என்று சொன்னதும் வாங்க வந்தவர் கூடையோடு ஓட்டம் பிடித்தாராம்.

அச்சுக்கோப்புப் பிரிவில் ஃபோர்மேன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோக்க அவருக்குப் பொறுமை இல்லை. 'லேசான சேதம்' என்று ஈய எழுத்துகளைக் கோத்து, நூலால் இறுக்கிக் கட்டி, பன்னிரண்டு கட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் தயாராக வைத்திருந்தார். குண்டு விழுந்தால் டப்பா திறக்கும்.

"உன் பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா இருக்குங்க, லேசு சார்" என்பார் டப்பாவைக் குலுக்கியபடி.

"குலுக்காதீங்க அண்ணே, பிள்ளைங்க முழிச்சுக்கும்."

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. ரயில் பாதைக்குத் தெற்கே ஒரு தெரு. தெருப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி, ஆகவே நிருபரும் சொல்லவில்லை. அச்சேற இருபது நிமிஷம்தான் இருந்தது. லேசு தானே டப்பாவைத் திறந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தான். பத்திரிகை வெளியே போன பிறகுதான், தெற்கே எந்தத் தெரு என்று யாரோ சொன்னார்கள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு டீச்சர். தலைக்கு மேலே வானம். முன்சுவர் இல்லை, பக்கச் சுவர்கள் இல்லை, ஆனால் வாசற்கதவு மட்டும் நிலையோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. லேசு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"கதவு எதுக்குடா இருக்கு? தட்டிட்டு வரத் தெரியாதா?" என்றாள் அக்கா, தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

தெருவில் எல்லோரும் பதுங்கறையில் இருந்ததால் ஒரு உயிரும் போகவில்லை. அங்கே ஓடிய அவசரத்தில் இரண்டு பேருக்குக் கை ஒடிந்திருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூட வகுப்பறையில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தாள். லேசு கையிலிருந்த பத்திரிகையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். அக்கா அதற்குள் படித்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவள் நிவாரண அலுவலகத்துக்குப் போனாள். மழை தொடங்க மூன்று வாரம் இருந்தது. மரமும் தகரமும் கொஞ்சம் வந்திருந்தன, சனிக்கிழமை பங்கீடு. எந்தத் தெருவுக்கு முதலில் என்று முடிவு செய்ய அங்கே ஒரு தடித்த கோப்பு இருந்தது. கோப்பில் இருந்தவை பத்திரிகைத் துண்டுகள்.

"உங்க தெருவா? ரயில் பாதைக்குத் தெற்கே லேசான சேதம்னு போட்டிருக்கே, டீச்சர். லேசானதெல்லாம் மழைக்கு அப்புறம்தான்" என்றார் குமாஸ்தா.

"எல்லாத் தெருவுக்கும் அப்படித்தானே போடறாங்க?"

"அதான் எல்லாரும் மழைக்கு அப்புறம். நேர்ல பாத்து யாராவது எழுதியிருந்தா கொண்டாங்க, அதை முதல்ல எடுத்துக்கறேன். ஆனா அச்சுல வந்திருக்கணும். வாய்ப்பேச்சுக்குக் கோப்புல இடமில்லை."

அக்கா அங்கிருந்து நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாள். லேசுவின் மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தாள். அத்தான் போர்முனையிலிருந்து எழுதியது, போன மாதம் பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தபோது பத்திரிகையைப் பார்த்து எழுதியது. 'உன் தம்பி பேப்பர் இங்கேயும் கைக்குக் கை மாறி வருகிறது. லேசான சேதம் என்று படித்ததும்தான் உயிர் வந்தது. சமையலறைக் கூரையில் அந்த ஓட்டையை மட்டும் மழைக்கு முன்னால் அடைத்துவிடு.'

"இப்ப அந்த ஓட்டையை எங்க போய்த் தேடறது?" என்றாள் அக்கா. "கூரையையே காணோம்."

லேசு கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"உன்னைத் தூங்கவைக்கத்தான் அக்கா அதை முதல்ல எழுதினேன்."

"தெரியும்டா. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். இப்ப முப்பத்தொரு வீட்டையும் சேர்த்துத் தூங்கவச்சிட்டே, வெட்டவெளியில." உடனே டீச்சர் குரலுக்கு மாறினாள். "வியாழக்கிழமை பேப்பர்ல வரணும். வெள்ளிக்கிழமை நான் அந்தக் குமாஸ்தா முன்னாடி வைக்கணும். எப்படிங்கறது உன் பாடு."

'பெருஞ்சேதம்' என்று எழுதினால் செய்தி மேலிடம் போகும், ஒரு வாரம் ஆகும், சனிக்கிழமை போய்விடும். 'லேசான' என்று எழுதினால் முத்திரை விழும், கூரை வராது. லேசு நகத்தைக் கடித்தான். இருந்த நகமெல்லாம் தீர்ந்த பிறகு, சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை இன்னொரு தடவை படித்தான். செய்தியில் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறென்ன இருக்கக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை.

"அக்கா, உன் ஸ்கூல்ல அளக்கற நாடா இருக்கா?"

புதன்கிழமை விடிந்ததும் அக்காவும் தம்பியும் தெருவின் ஒரு முனையில் தொடங்கினார்கள். அவள் அளந்து சொன்னாள், அவன் எழுதினான். முதல் வீட்டில் கூரை இல்லை. இரண்டாம் வீட்டின் கூரை மூன்றாம் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. ஏழில் மாடிப்படி பதினான்கு படியும் பத்திரமாக இருந்தது, மாடிதான் இல்லை. ஒன்பதில் குளியல் தொட்டி தெருவுக்கு வந்துவிட்டது, தண்ணீரோடு. "எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணி இருந்துச்சுன்னும் போடவா?" என்றான் லேசு. "போடு, முக்கால் அடி" என்றாள் அக்கா சிரிக்காமல்.

இருபத்திரண்டாம் எண்ணில் தையல்காரர் வாசலில் காத்திருந்தார். தெருவின் அந்த வளைவில் குண்டு ஏனோ அவரிடம் மட்டும் மரியாதை காட்டியிருந்தது. வீடு அப்படியே நின்றது. முன் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது.

"சுவர் பூரா விரிசல்னு எழுதுங்க, தம்பி" என்றார்.

"எங்கே விரிசல்?"

"இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு விடும். வீடு பழசு."

"நாளைக்கு விட்டா நாளைக்கு எழுதறேன், அண்ணாச்சி. இன்னைக்கு ஒரு கண்ணாடி."

"உங்கக்கா வீட்டுக்கு மட்டும் வளைச்சு வளைச்சு எழுதினீங்களே!"

"அவ வீட்ல எழுதறதுக்கு நிறைய இருந்துச்சு."

தையல்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. தெருவே சேர்ந்து அவருக்காகப் பரிந்து பேசியது. ஒரு விரிசல் எழுதினால் என்ன கெட்டுப்போகும்? அல்லது அந்த வீட்டையே விட்டுவிடலாமே, முப்பது என்று போட்டால் யாருக்குத் தெரியும்? அக்காகூடக் கொஞ்சம் தயங்கினாள். லேசு மட்டும் அசையவில்லை. அவனுக்கே ஏனென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சொல்லைப் பெற்றவன் அவன். இரண்டு வருஷமாக அது பொய் சொல்லிச் சொல்லி ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டது. தெரு முழுக்க ஒரே ஒரு வீட்டு வாசலில்தான் அது தலைநிமிர்ந்து நிற்க முடியும். அந்த இடத்தையும் பிடுங்க அவனுக்கு மனசு வரவில்லை.

"எண் இருபத்திரண்டு: லேசான சேதம். முன் ஜன்னலில் ஒரு கண்ணாடி" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தான். பின்னாலிருந்து தையல்காரர், "என்கிட்ட சட்டை தைக்க வராமலா போயிடுவே!" என்றது கேட்டது.

வியாழக்கிழமை காலை ஃபோர்மேன் கையெழுத்துப் பிரதியைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"முப்பத்தொரு தடவையா? டப்பாவில பன்னிரண்டுதான் இருக்கு."

"மிச்சத்தைக் கோக்க முடியாதா அண்ணே?"

"எழுத்து பத்தாது. விளையாட்டுப் பக்கத்தைப் பிரிச்சாத்தான் உண்டு."

"நேத்து நம்ம டீம் தோத்துப்போச்சு."

"அப்படின்னா பிரிச்சிடலாம்" என்றார் ஃபோர்மேன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

வரி வரியாகக் கோத்தபோது ஒரு காரியம் செய்தார். வீட்டு எண், அதை ஒட்டி அந்த இரண்டு சொல், பிறகுதான் மீதி என்று ஒவ்வொரு வரியையும் தொடங்கினார். முப்பத்தொரு 'லேசான சேதம்' ஒன்றின்கீழ் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி இறங்கியது. "இடது பக்கமே பாத்துட்டுப் போனா எல்லாம் ஒழுங்கு" என்றார். "வலது பக்கம் பாத்தா உன் பாடு."

தணிக்கை அதிகாரியிடம் மெய்ப்புத் தாளை லேசு தானே எடுத்துப் போனான். பதினொரு பத்திரிகைகளின் தாள்கள் அவர் மேஜைமேல் கிடந்தன. ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது, பென்சிலும் மூக்கும் ஒரே நிறம். அவர் வழக்கம்போல் சொல்லைத் தேடி வட்டம் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பென்சில் இடது ஓரமாகப் படியிறங்குவதுபோல் இறங்கியது. பதினொன்றாவது வரியில் நின்றது. லேசு மனசுக்குள் கணக்குப் போட்டான். வேலை போகும், போகட்டும். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

அதிகாரி தும்மினார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பிறகு பன்னிரண்டு, பதிமூன்று என்று முப்பத்தொன்றுவரை பொறுமையாக வட்டம் போட்டு, அடியில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினார்.

"சொல் இருக்கு" என்றார். "எடுத்துட்டுப் போங்க."

அன்று மாலை ஊர் அடைந்த ஆனந்தம் சொல்லி மாளாது. டிராமில் ஒருவர் உரக்கப் படிக்க, பெட்டி முழுக்கக் கேட்டது. 'எண் இரண்டு: லேசான சேதம். கூரை எண் மூன்றில் உள்ளது. எண் மூன்று: லேசான சேதம். எண் இரண்டின் கூரை இங்கே உள்ளது. இந்த வீட்டின் கூரையைத் தேடி வருகிறார்கள். எண் ஒன்பது: லேசான சேதம். குளியல் தொட்டி நடுத்தெருவில். தண்ணீர் முக்கால் அடி. எண் பதினேழு: லேசான சேதம். கதவு நன்றாக இருக்கிறது. தட்டிவிட்டு வரவும்.' நடத்துநர் மணி அடிக்க மறந்து நின்றார். இறங்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இறங்கவில்லை, முப்பத்தொன்றுவரை கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். இறங்கியவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகையில் பெயர் இல்லாவிட்டாலும் எந்தத் தெரு என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது; ஒரு பெண்மணி நேராக அங்கே போய் இரண்டு போர்வைகளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா நிவாரண அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே, அலுவலகம் அவளைத் தேடி வந்துவிட்டது. ஆய்வாளர் ஒருவர், கையில் பத்திரிகை, பையில் அளவுநாடா. முகத்தில் ஒரு நம்பிக்கையும் இல்லை.

"எல்லாத் தெருவிலயும் லிஸ்ட் குடுப்பாங்க, டீச்சர்" என்றார் நடந்துகொண்டே. "ஒரு வீடு விடாம தரைமட்டம்னு எழுதியிருப்பாங்க. போய்ப் பாத்தா பாதி வீட்ல மாடில துணி காயும். நானும் எட்டு மாசமா பாக்கறேன்."

முதல் வீட்டைப் பார்த்தார். இரண்டைப் பார்த்தார். ஏழில் மாடிப்படிகளை எண்ணினார். பத்திரிகையில் ஒரு குறி, முகத்தில் ஒன்றும் இல்லை. லேசுவும் அக்காவும் பின்னாலேயே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரு போனது. இருபத்திரண்டில் ஆய்வாளர் நின்றார். வீட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் தையல்காரர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கண்ணாடின்னு போட்டிருக்கு."

"ஒரு கண்ணாடிதான்" என்றார் தையல்காரர் கசப்போடு. "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஒரு விரிசல்கூடப் போட மாட்டேன்னுட்டான்."

ஆய்வாளர் அளவுநாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"மிச்சத்தைப் பாக்கலையா சார்?" அக்காவின் குரல் பதறியது.

"எதுக்கும்மா? இந்த ஒரு கண்ணாடியை ஒரு கண்ணாடின்னு எழுதின ஆளு, மத்த முப்பதையும் சரியாத்தான் எழுதியிருப்பான்." முதன்முதலாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "எட்டு மாசத்துல நான் நம்பின முதல் லிஸ்ட் இது. நாளைக்கு முதல் லாரி இங்கதான்."

 தெருவில் எழுந்த சத்தத்தில், விமானம்தான் வந்துவிட்டதோ என்று அடுத்த தெருக்காரர்கள் பதுங்கறைக்கு ஓடியதாகப் பின்னால் தெரிந்தது. அக்கா தம்பியின் காதைப் பிடித்துத் திருகினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு மகிழ்ச்சி வந்தால் அவன் காதுதான் வலிக்கும்.

மத்தியானம் தணிக்கை அலுவலகம் கூப்பிட்டு அனுப்பியது. லேசு மேஜை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் போனான்.

"மேலிடத்திலேருந்து ஃபோன் வந்தது" என்றார் அதிகாரி. "என் சுற்றறிக்கையை எனக்கே படிச்சுக் காட்டினாங்க. அதுப்படி நீங்க பண்ணினது சரி. நான் பண்ணினதும் சரி. அதனால சுற்றறிக்கையை ரத்து பண்ணிட்டாங்க. இனிமே அந்த வார்த்தையே வரக் கூடாதாம்."

"அப்ப என்ன போடறது சார்?"

"என்ன உடைஞ்சுதோ அதை எண்ணிப் போடுங்க. எண்ணிக்கைக்கு மேலிடம் பயப்படாதாம், பெயரெச்சத்துக்குத்தான் பயமாம்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பதினொண்ணாவது வரியிலயே படிச்சிட்டேன்."

"படிச்சிட்டுமா முத்திரை குத்தினீங்க?" என்றான் லேசு.

"ரெண்டு மாசம் முன்னாடி நூற்பாலைக்குப் பின்னாலே விழுந்துதே, அது என் வீடு. உங்க பேப்பர்லதான் படிச்சேன், லேசான சேதம்னு. நானே வட்டம் போட்டது." பென்சிலை மேஜைமேல் உருட்டினார். "என் வீட்டுக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"இன்னைக்கு எழுதலாம் சார். உங்க தெரு பூராவும். எங்கக்காகிட்ட நாடா இருக்கு."

சனிக்கிழமை லாரி வந்தது. அடுத்த பதினான்கு நாளில் முப்பது கூரைகள் ஏறின. வேறு நான்கு தெருக்காரர்கள் அக்காவிடம் வந்து நாடாவை இரவல் வாங்கிப் போனார்கள். ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு வீட்டையாவது உள்ளது உள்ளபடி சின்னதாக எழுதினார்கள். பிள்ளைகள் வகுப்பறை மேஜைகளிலிருந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். பதினேழாம் எண்ணின் பழைய கதவு புதுச் சுவரில் பொருத்தப்பட்டது. அதன்மேல் அக்கா பத்திரிகையிலிருந்து தன் வீட்டு வரியை வெட்டி ஒட்டினாள். லேசு இரண்டு முறை தட்டிய பிறகே கதவு திறந்தது. அத்தானுக்கு அவள் எழுதிய கடிதத்தில், 'அந்தச் சமையலறை ஓட்டை அடைபட்டுவிட்டது, கூரையோடு சேர்த்து' என்று இருந்தது.

மழை சரியாக மறுவாரம் வந்தது. தெருவே வாசலில் நின்று, புதுத் தகரத்தில் அது கொட்டும் சத்தத்தைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டது. இருபத்திரண்டில் புதுக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. தையல்காரர் அதற்குப் பின்னால் மெஷினில் உட்கார்ந்து, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? இந்த ஒரு கண்ணாடிதான். இது உடைஞ்சதாலதான் உங்க எல்லாருக்கும் கூரை. தெருவையே காப்பாத்தியிருக்கேன், யாராவது ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

"சொல்றோம் அண்ணாச்சி" என்றான் லேசு, குடைக்குள்ளிருந்து. "எனக்கு ஒரு சட்டை தைக்கணும்."

"தோள்ல லேசா பிடிக்கும், பரவாயில்லையா?"

குடை ஒரு நொடி நின்றது. பிறகு லேசு திரும்பி நாலே எட்டில் தெருமுனையை அடைந்துவிட்டான். தையல்காரரின் சிரிப்பு மழையையும் மீறி அவனைத் துரத்திக்கொண்டு வந்தது.